பெரிய கார்களைத் தோற்கடித்த குட்டிக் கார்!

நீளம் 10 அடி. உயரம் நாலரை அடிகூட இல்லை. சக்கரத்தின் வளையம் 10 அங்குலம்தான். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரவும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடவும் செய்யப்பட்ட கார் அது.

அந்தக் குட்டிக் கார் பந்தயத்தில் இறங்கியது. தன்னைப்போல் நாலு மடங்கு பெரிய என்ஜின் கொண்ட காரையே பின்னுக்குத் தள்ளியது. உலகமே மூக்கில் விரலை வைத்தது!

அந்தக் காரின் பெயர் "மினி". பிறந்த இடம் இங்கிலாந்து. பிறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் இங்கிலாந்தில் பழைய மினி காரைத் தேடிப் பிடித்து வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் திருத்தி, பந்தயப் பாதையில் ஓட்டி மகிழ்கிறவர்கள் ஏராளம்.

வீட்டுக் காரை எப்படிப் பந்தயக் கார் ஆக்குகிறார்கள்? முதலில் எதை மாற்றுகிறார்கள்?

"இது என்ன கேள்வி? என்ஜினைத்தான்!" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. அனுபவம் உள்ளவர்கள் என்ஜினைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். ஏன் என்பதை மினி காரின் கதையே சொல்லும்.

பெட்ரோல் பஞ்சத்தில் பிறந்தது

1956-ம் ஆண்டு. எகிப்து அரசாங்கம் சூயஸ் கால்வாயை நாட்டு உடைமை ஆக்கியது. அதனால் சண்டை மூண்டது. கால்வாய் அடைபட்டது. இங்கிலாந்துக்கு எண்ணெய் வருவது குறைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது.

பெரிய கார் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். குறைந்த பெட்ரோலில் ஓடும் சின்னஞ்சிறு கார்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது.

அப்போது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற பெரிய கம்பெனியின் தலைவராக லியோனார்டு லார்டு இருந்தார். அவர் தம்முடைய என்ஜினீயரைக் கூப்பிட்டார். நாலு பேர் வசதியாக உட்கார வேண்டும். ஆனால் கார் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று கேட்டார்.

அந்த என்ஜினீயரின் பெயர் அலெக் இசிகோனிஸ். துருக்கி நாட்டில் ஸ்மிர்னா நகரில் 1906-ம் ஆண்டு பிறந்தவர். போர் காரணமாகக் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. தந்தை இறந்துவிட்டார். தாயும் மகனும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். படிக்கும்போது கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர் இசிகோனிஸ். ஆனால் கையில் பென்சில் எடுத்தால் கார் தானாக உருவாகும்!

மற்றக் கார்களில் என்ஜின் நீளவாட்டில் இருக்கும். இசிகோனிஸ் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். அதன் பின்னால் இருக்க வேண்டிய கியர் பெட்டியை, என்ஜினுக்கு அடியிலேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். பின் சக்கரங்கள் தள்ளுவதற்குப் பதிலாக முன் சக்கரங்கள் இழுக்கும்படி செய்தார். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்புகளைப் பொருத்தினார். நாலு சக்கரங்களையும் காரின் நாலு மூலைகளுக்குக் கொண்டுபோனார்.

இப்படிச் செய்ததால் உள்ளே இடம் மிஞ்சியது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.

1959-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி கார் வெளிவந்தது. விலை வரியுடன் சுமார் 497 பவுன். என்ஜின் 848 சி.சி. அதன் பலம் 34 குதிரை சக்தி. காரின் எடை சுமார் 600 கிலோ.

இது ஏழை எளியவர்களின் கார். பந்தயம் என்ற நினைப்பே இசிகோனிசுக்கு இல்லை.

கூப்பர் கண்ட அதிசயம்

லண்டனுக்குப் பக்கத்தில் சர்பிட்டன் என்ற ஊர். அங்கே சார்லஸ் கூப்பர் என்பவர் மோட்டார் பட்டறை நடத்திவந்தார். அவருடைய மகன் ஜான் கூப்பர்.

1946-ம் ஆண்டு தந்தையும் மகனும் ஒரு பந்தயக் கார் செய்ய நினைத்தார்கள். கையில் அதிகப் பணம் இல்லை. பழைய பியட் குட்டிக் கார்கள் இரண்டின் முன்பாகங்களை வெட்டினார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டினார்கள். மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பின்னால் மாட்டினார்கள். அதுதான் அவர்களுடைய முதல் பந்தயக் கார்!

ஓட்டை உடைசலில் தொடங்கிய அந்தப் பட்டறை எங்கேயோ போய்விட்டது. 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பந்தயக் கார் சாம்பியன் பட்டத்தைக் கூப்பர் கார்தான் வென்றது. ஓட்டியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜாக் பிராபாம்.

அப்பேர்ப்பட்ட ஜான் கூப்பர், ஒரு மினி காரை எடுத்து ஓட்டிப் பார்த்தார். அசந்துவிட்டார்!

நேர்ச் சாலையில் அது வேகமான கார் அல்ல. மணிக்குச் சுமார் 72 மைல்தான் அதன் உச்ச வேகம். ஆனால் வளைவு வந்ததும் கதை மாறியது. மற்றக் கார்கள் சாய்ந்து தள்ளாடும் இடத்தில், மினி தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. சக்கரங்கள் நாலு மூலைகளிலும் இருக்கின்றன, கார் குள்ளமாக இருக்கிறது, எடையும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்து செய்த வித்தை அது.

இதைப் பந்தயக் கார் ஆக்கலாம் என்று கூப்பர் சொன்னார். இசிகோனிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கூப்பர் விடவில்லை. கம்பெனியின் நிர்வாகத் தலைவர் ஜார்ஜ் ஹாரிமனைப் போய்ப் பார்த்தார். பந்தய விதிப்படி 1,000 கார்களாவது செய்தாக வேண்டும். அவ்வளவு கார் விற்குமா என்று ஹாரிமன் தயங்கினார். ஆனாலும் சம்மதித்தார். காருக்கு 2 பவுன் வீதம் கூப்பருக்குக் கொடுப்பது என்று கை குலுக்கினார்கள்.

1961-ம் ஆண்டு "மினி கூப்பர்" வெளிவந்தது. 1,000 கார்கள் விற்குமா என்று பயந்தார்கள் அல்லவா? விற்பனை பல ஆயிரங்களைத் தாண்டிப் போயிற்று!

வேகத்துக்கு முன்னே பிரேக்

என்ஜினை 997 சி.சி. ஆகப் பெரிதாக்கினார்கள். ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு வைத்தார்கள். 34 குதிரை சக்தி 55 ஆக உயர்ந்தது.

ஆனால் அதோடு நிற்கவில்லை. முன் சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, டிஸ்க் பிரேக் பொருத்தினார்கள். அந்தச் சின்னச் சக்கரத்துக்குள் அடங்கும்படி 7 அங்குல டிஸ்க் செய்யப்பட்டது. வேகம் கூடினால் நிறுத்தும் சக்தியும் கூட வேண்டும் என்பது பந்தயக்காரரான கூப்பருக்குத் தெரியும்.

7 அங்குலமும் போதவில்லை. 1963-ம் ஆண்டு "கூப்பர் எஸ்" என்ற கார் வந்தது. அதில் என்ஜின் 1,071 சி.சி. பலம் 70 குதிரை சக்தி. பிரேக்கும் சேர்ந்து வளர்ந்தது. 7½ அங்குலத்தில் கனமான டிஸ்க். காலால் லேசாக மிதித்தாலே அழுத்தமாகப் பிடிக்கும் துணைக் கருவியும் வைத்தார்கள்.

பனியில் ஒரு பாய்ச்சல்

ஐரோப்பாவில் மான்டி கார்லோ ராலி என்ற போட்டி பெயர்பெற்றது. ஜனவரி மாதக் குளிரில் பல நாட்டு நகரங்களில் இருந்து கார்கள் புறப்படும். பனி மூடிய மலைப் பாதைகளைக் கடந்து மொனாக்கோ போய்ச் சேரவேண்டும்.

1964-ம் ஆண்டுப் போட்டியில் வட அயர்லாந்தைச் சேர்ந்த பேடி ஹாப்கர்க், ஒரு சிவப்பு நிறக் கூப்பர் எஸ் காரில் மின்ஸ்க் நகரில் இருந்து புறப்பட்டார். எதிரே நின்ற கார்களில் ஒன்று அமெரிக்க போர்டு பால்கன். அதன் என்ஜின் 4.7 லிட்டர்! சின்ன என்ஜினுக்குச் சலுகைக் கணக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகையால் மட்டும் ஜெயிக்க முடியாது. வளைந்து நெளிந்த பனிப் பாதையில் மினி காட்டிய சுறுசுறுப்புதான் வெற்றியைத் தேடித் தந்தது. மினிக்கு முதல் இடம். பால்கனுக்கு இரண்டாவது இடம்.

அடுத்த ஆண்டு பனிப்புயல் வீசியது. புறப்பட்ட கார்கள் 237. போய்ச் சேர்ந்தவை 35 மட்டுமே. அதிலும் முதல் இடம் மினிக்குத்தான். ஓட்டியவர் பின்லாந்துக்காரரான டிமோ மாக்கினன்.

1966-ம் ஆண்டு முதல் மூன்று இடங்களிலும் மினி கார்களே வந்தன. ஆனால் முன் விளக்குகள் விதிப்படி இல்லை என்று சொல்லி அவற்றை நீக்கிவிட்டார்கள். பெரிய ரகளை ஆயிற்று. 1967-ம் ஆண்டு ரானோ ஆல்டோனன் அதே போட்டியில் மினியை ஓட்டி மறுபடியும் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தார்.

ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் என்ற ஊரில் மலைமேல் ஏறி இறங்கும் பந்தயப் பாதை இருக்கிறது. 1966-ம் ஆண்டு அங்கே 500 மைல் பந்தயம் நடந்தது. முதல் 9 இடங்களிலும் மினி கார்கள்!

முதல் வேலை துரு பார்ப்பது

பழைய மினி கார் கடைசியாகத் தயாரானது 2000-ம் ஆண்டு அக்டோபரில். மொத்தம் 53 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆகவே இன்று கிடைக்கும் மினி எதுவானாலும் அதற்கு வயதாகிவிட்டது.

வயதான காருக்கு முதல் எதிரி துரு. மினி காருக்குத் தனியாக ஒரு கனமான அடிச்சட்டம் முழு நீளத்துக்கும் கிடையாது. தகட்டால் ஆன உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. முன்னும் பின்னும் மட்டும் இரண்டு சிறு சட்டங்கள் உண்டு. கதவுக்குக் கீழே உள்ள பக்கப் பெட்டிகளும், பின் சட்டமும் மழைநீர் பட்டு உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். மேலே பெயிண்ட் பளபளக்கும். விரலால் அழுத்தினால் தகடு பொடிப்பொடியாக உதிரும்.

இப்படிப்பட்ட காரில் பெரிய என்ஜினைப் பூட்டினால் என்ன ஆகும்? அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்கு மாடி கட்டிய கதைதான். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் முதலில் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். இந்த வேலைக்கே பல மாதம் ஆவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத வேலை. ஆனால் உயிரைக் காக்கும் வேலை.

இரண்டாவது வேலை பிரேக்

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். கை சுடுகிறது அல்லவா? பிரேக் வேலை செய்வதும் அப்படித்தான். ஓடும் காரின் வேகம் முழுவதும் தேய்ப்பினால் சூடாக மாறுகிறது. அப்போதுதான் கார் நிற்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது; நாலு மடங்கு ஆகும்! 30 மைல் வேகத்தில் போகும் காருக்கும் 60 மைல் வேகத்தில் போகும் காருக்கும் அவ்வளவு வித்தியாசம்.

ஊருக்குள் எப்போதோ ஒரு தடவை பலமாகப் பிரேக் பிடிக்கிறோம். பந்தயப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் பிடிக்க வேண்டும். ஒரு சுற்றில் பத்து வளைவு இருந்தால் பத்துத் தடவை. சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிரம் பிரேக்கில் சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் பிரேக் பிடிக்காமல் வழுக்கும். டிஸ்க் பிரேக்கில் தகடு வெளியே காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் ஆறும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சும். நாளான ஆயில் சூடேறினால் கொதித்துக் குமிழி விடும். அப்போது பிரேக்கை மிதித்தால் கால் "பொதுக்" என்று உள்ளே போகும், கார் நிற்காது! அதனால்தான் பந்தயப் பாதைக்குப் போகுமுன் புது ஆயில் ஊற்றுகிறார்கள். சூடு தாங்கும் பிரேக் கட்டைகளை மாட்டுகிறார்கள். ரப்பர்க் குழாய்களை மாற்றுகிறார்கள். இதற்கு ஆகும் செலவு, என்ஜினுக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான்.

உள்ளங்கை அளவு ரப்பர்

மூன்றாவது, டயர். கார் எவ்வளவு பெரிதானாலும் அது தரையைத் தொடுவது நாலே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. ஓடுவது, திரும்புவது, நிற்பது மூன்றும் அந்த நாலு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் நடக்கின்றன.

மினி காரில் முன் டயர்களுக்கு வேலை அதிகம். காரை இழுப்பதும் அவைதான், திருப்புவதும் அவைதான், நிறுத்துவதில் பெரும் பங்கும் அவைதான். கட்டை தேயாவிட்டாலும், பல ஆண்டுகள் சும்மா கிடந்த டயர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். அது பாதைக்கு உதவாது.

வளைவில் கார் சாயும்போது டயரும் சாய்ந்து, ஓர் ஓரத்தில் மட்டும் தரையைத் தொடும். பிடிப்பு குறைந்துவிடும். இதைத் தடுக்க, முன் சக்கரங்களின் மேல்பக்கம் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி உள்ளே சாயும்படி வைக்கிறார்கள். கார் சாயும்போது டயர் சரியாகத் தட்டையாக உட்காரும். அமுங்கிப்போன பழைய ரப்பர் கூம்புகளையும், ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுகிறார்கள். கார் உயரத்தைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் இருக்காது. கார் குதித்துக் குதித்துப் போகும்.

உயிர் காக்கும் கூண்டு

நாலாவது, ஓட்டுகிறவரின் பாதுகாப்பு. காருக்குள் தடித்த இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு கட்டுகிறார்கள். கார் தலைகீழாகப் புரண்டாலும் கூரை நசுங்காமல் அந்தக் கூண்டு தாங்கும்.

இடுப்பையும் தோளையும் அணைத்துப் பிடிக்கும் ஆசனம் வைக்கிறார்கள். தோள்களின் மேலும் இடுப்பைச் சுற்றியும் வரும் வார்ப்பட்டைகளைக் கட்டுகிறார்கள். கை எட்டும் இடத்தில் தீயணைக்கும் கருவி இருக்கும். மினியில் பாட்டரியும் பெட்ரோல் டாங்கியும் காரின் பின்புறத்தில் சாமான் வைக்கும் இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே ஒரே திருப்பில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் பொருத்துகிறார்கள்.

அடுத்து எடையைக் குறைக்கிறார்கள். பின் ஆசனம், தரை விரிப்பு, கதவின் உள் அலங்காரம் எல்லாம் கழற்றப்படுகின்றன. 600 கிலோ காரில் 50 கிலோ குறைந்தால் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. என்ஜின் பலத்தைக் கூட்டினால் கார் ஓடுவதற்கு மட்டுமே அது உதவும். எடையைக் குறைத்தால் ஓடுவதற்கும் உதவும், திரும்புவதற்கும் உதவும், நிற்பதற்கும் உதவும்! பாரம் தாங்கும் தகடுகளை மட்டும் யாரும் வெட்டக் கூடாது.

கடைசியில் என்ஜின்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் என்ஜின்.

வேகமாக ஓடுகிறவனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். என்ஜினுக்கும் அப்படித்தான். காற்றும் பெட்ரோலும் எளிதாக உள்ளே போகவேண்டும். புகை எளிதாக வெளியே வரவேண்டும். அதற்காகச் சிலிண்டர் ஹெட்டில் உள்ள துவாரங்களைத் தேய்த்துச் சீராக்குகிறார்கள். பெரிய கார்புரேட்டர் வைக்கிறார்கள். வால்வு திறந்து மூடும் நேரத்தைத் தீர்மானிப்பது கேம் ஷாப்ட். அதையும் மாற்றுகிறார்கள். இங்கிலாந்தில் டவுன்டன் என்ற கிராமத்தில் டேனியல் ரிச்மண்ட் என்பவர் இந்தக் கலையில் கைதேர்ந்தவராக விளங்கினார். மினியைச் செய்த கம்பெனியே அவரிடம் யோசனை கேட்டது.

ஆனால் இதிலும் ஒரு சங்கடம். பந்தயத்துக்கு ஏற்ற கேம் ஷாப்ட் மெதுவாகப் போகும்போது சரியாக இழுக்காது. கடைத்தெருவில் அந்தக் காரை ஓட்டுவது பெரும்பாடு.

மினிக்கே உரிய இன்னொரு பலவீனமும் இருக்கிறது. என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய் என்று பார்த்தோம். பந்தய ஓட்டத்தில் அந்த எண்ணெய் மிகவும் சூடாகிவிடும். நீண்ட வளைவில் போகும்போது எண்ணெய் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்போது பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சினால், சில விநாடிகளில் என்ஜின் பாழ்! ஆகவே எண்ணெயைக் குளிர வைக்கும் சிறு ரேடியேட்டர் ஒன்றை முன்னால் பொருத்துகிறார்கள். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரைக் கண்ணுக்கு நேரே வைக்கிறார்கள்.

ஓட்டுகிறவரும் திருந்த வேண்டும்

காரைத் திருத்தினால் போதுமா? ஓட்டுகிறவரும் பழகவேண்டும்.

இங்கிலாந்தில் பந்தயப் பாதைகளைச் சில நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். "டிராக் டே" என்று பெயர். பணம் கட்டினால் சொந்தக் காரை ஓட்டலாம். அது போட்டி அல்ல. பரிசும் இல்லை.

ஆனால் கட்டுப்பாடு மிக அதிகம். காலையில் எல்லோரையும் கூட்டி வைத்து விதிகளைச் சொல்வார்கள். அதைக் கேட்காதவருக்குப் பாதையில் இடம் இல்லை. ஹெல்மெட் கட்டாயம். சைலன்சர் சத்தத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். அளவுக்கு மீறினால் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான் முந்தலாம். மஞ்சள் கொடி ஆட்டினால் ஆபத்து; சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

வளைவுக்கு முன்பே, கார் நேராகப் போகும்போதே பிரேக் பிடிக்க வேண்டும் என்பது முதல் பாடம். மினி காரில் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரில் இருந்து காலைத் திடீரென்று எடுத்தால், பின்பக்கம் வீசிக்கொண்டு சுற்றிவிடும். கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் சூடு ஆறும். வண்டியை நிறுத்தியதும் கைப் பிரேக்கைப் போடக் கூடாது. சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு.

சோழவரம் முதல் கோவை வரை

வீட்டுக் காரைத் திருத்திப் பந்தயம் ஓடும் ஆசை இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமானது அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே மோட்டார் பந்தயம் நடந்தது. தெருவில் ஓடிய பியட்டும் ஹெரால்டும் உள்ளூர்ப் பட்டறைகளில் திருத்தப்பட்டு அங்கே சீறிப் பாய்ந்தன. ஜனங்கள் திரள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள்.

பிறகு 1990-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், சாதாரண மாருதி 800 காரின் என்ஜினை வைத்தே ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் 2003-ம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயப் பாதைக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆசைப்படும் இளைஞர்களுக்கு இடம் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்தய வேகத்துக்குப் பொதுச் சாலை இடம் அல்ல. அங்கே கொடி காட்ட ஆள் இல்லை. எதிரே பால்காரர் சைக்கிளில் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை குறுக்கே ஓடும். கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்திச் சாலையில் ஓட்டுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. பாதைக்கு என்று திருத்திய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு பந்தயப் பாதைக்குப் போவதே முறை.

வீட்டில் பிள்ளை ஒரு பழைய காரை வாங்கி வந்து, "இதைப் பந்தயக் கார் ஆக்கப்போகிறேன்" என்று சொல்லலாம். பயப்பட வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலில் எதை மாற்றப்போகிறாய்?"

"என்ஜினை" என்று சொன்னால், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

"துருவைப் பார்க்க வேண்டும், பிறகு பிரேக்" என்று சொன்னால், பிள்ளை கெட்டிக்காரன்!